உருசிய மொழியில் பெயரடைகளின் வேற்றுமைத் திரிபு

உருசிய மொழியில் பெயரடைகளின் வேற்றுமைத் திரிபு என்பது, உருசிய மொழியில் (ரஷ்ய மொழி) ஒரு பெயருக்கு அடையாக வரும் சொல், அப்பெயரின் பால், எண், வேற்றுமை ஆகிய மூன்றுக்கும் ஏற்பத் தன் ஈற்றை மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். தமிழில் பெயரடை எவ்விடத்திலும் மாறுவதில்லை. பெரிய கோயில், பெரிய கோயிலை, பெரிய கோயிலுக்கு, பெரிய கோயில்களில் என எத்தனை உருபு ஏற்றாலும் "பெரிய" என்பது அப்படியே நிற்கும். உருசிய மொழியிலோ உருபு பெயரோடு நின்றுவிடாமல் அடையின் மீதும் ஏறும். தமிழ் வழியாக உருசிய மொழி கற்போருக்கு வேற்றுமை என்னும் கருத்து புதிதன்று. அடையும் சேர்ந்து திரிவதே புதிது.

இக்கட்டுரையில் உருசியச் சொற்கள் தமிழ் எழுத்துகளில் எழுத்துக்கூட்டலைத் தழுவித் தரப்பட்டுள்ளன. அழுத்தம் பெறாத ஒகரம் பேச்சில் பெரும்பாலும் அகரமாக ஒலிக்கும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். உருசிய மொழியில் இரு வகை இகரங்கள் உண்டு. அவற்றுள் வல்லின இகரம், தமிழின் குற்றியலுகரத்துக்கும் இகரத்துக்கும் இடைப்பட்டு ஒலிப்பது. தமிழ் எழுத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்ட இயலாது.

வேற்றுமைகளும் பாலும்

உருசிய மொழியில் வேற்றுமைகள் ஆறு. உருசிய இலக்கண நூல்களின் வரிசைப்படி அவை எழுவாய் வேற்றுமை, உடைமை வேற்றுமை (தமிழின் ஆறாம் வேற்றுமை), கொடை வேற்றுமை (நான்காம் வேற்றுமை), செயப்படுபொருள் வேற்றுமை (இரண்டாம் வேற்றுமை), கருவி வேற்றுமை (மூன்றாம் வேற்றுமை), முன்னிடை வேற்றுமை என்பனவாகும். கடைசியாகக் கூறப்பட்டது எப்போதும் ஒரு முன்னிடைச் சொல்லோடு மட்டுமே வரும். இடத்தையும் "பற்றி" என்னும் பொருளையும் உணர்த்துவதால், இதனை ஏழாம் வேற்றுமைக்கு ஓரளவு நிகராகக் கொள்ளலாம்.

ஒருமையில் ஆண்பால், பெண்பால், நடுப்பால் என மூன்று பால்கள் உள்ளன. தமிழில் பால் பொருளைப் பொறுத்து அமைகிறது. உருசிய மொழியில் பெரும்பாலும் சொல்லின் ஈற்றைப் பொறுத்து அமைகிறது. மெய்யில் முடியும் "ஹ்ராம்" (கோயில்) ஆண்பால். ஆகாரத்தில் முடியும் "கொரா" (மலை) பெண்பால். ஒகரத்தில் முடியும் "ஓஸெரொ" (ஏரி) நடுப்பால். பன்மையில் பால் வேறுபாடு இல்லை. மென்மைக்குறி பெற்று முடியும் சொற்களில் மட்டும் ஈற்றைக் கொண்டு பாலை அறிய முடியாது. "ஒகோன்" (தீ) ஆண்பால். "போல்" (வலி) பெண்பால். இவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

திருவண்ணாமலையை ஓர் உருசியர் விவரிப்பதாகக் கொண்டால், இந்நான்கு வகைகளும் உடனே தேவைப்படும். கோயில் ஆண்பால், மலை பெண்பால், நீர்நிலை நடுப்பால், கோபுரங்கள் பன்மை. "பழைய" என்னும் ஒரே தமிழ்ச் சொல்லுக்கு ஈடாக அவர் ஸ்தாரிய் ஹ்ராம் (பழைய கோயில்), ஸ்தாராயா கொரா (பழைய மலை), ஸ்தாரொயெ ஓஸெரொ (பழைய ஏரி), ஸ்தாரியெ பாஷ்னி (பழைய கோபுரங்கள்) என நான்கு வடிவங்களைக் கையாள்வார். இது எழுவாய் வேற்றுமையில் மட்டும்.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிடலாம். "கொரா" என்னும் உருசியச் சொல்லும், கிரிவலம் என்பதில் உள்ள "கிரி" என்னும் வடசொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து தோன்றியவை. அவ்வாறே "ஒகோன்" என்பதும் "அக்னி" என்பதும் உறவுச் சொற்கள். அக்னித் தலமாகக் கருதப்படும் ஊரில் இவ்விரு சொற்களையும் நினைவிற் கொள்வது எளிது. "நோவிய்" (புதிய) என்பது "நவ" என்னும் வடசொல்லுக்கும், "ஜிவோய்" (உயிருள்ள) என்பது "ஜீவ" என்னும் வடசொல்லுக்கும் உறவுடையவை. வடமொழியிலும் அடைச்சொல் தான் சிறப்பிக்கும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் ஏற்கும். ஆதலால் வடமொழி பயின்றோருக்கு உருசிய மொழியின் இவ்வியல்பு வியப்பளிக்காது.

வல்லினத் திரிபு

பெரும்பான்மையான பெயரடைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. "ஸ்தாரிய் ஹ்ராம்" என்னும் தொடர் ஒருமையில் திரியும் முறை வருமாறு:

எழுவாய்: ஸ்தாரிய் ஹ்ராம் (பழைய கோயில்)
உடைமை: ஸ்தாரொவொ ஹ்ராமா (பழைய கோயிலின்)
கொடை: ஸ்தாரொமு ஹ்ராமு (பழைய கோயிலுக்கு)
செயப்படுபொருள்: ஸ்தாரிய் ஹ்ராம் (பழைய கோயிலை)
கருவி: ஸ்தாரிம் ஹ்ராமொம் (பழைய கோயிலால்)
முன்னிடை: ஒ ஸ்தாரொம் ஹ்ராமெ (பழைய கோயிலைப் பற்றி)

உடைமை வேற்றுமையின் ஈறு "-ஒகொ" என எழுதப்பட்டாலும் "-ஒவொ" என வகரமாகவே ஒலிக்கும். எழுத்தைப் பார்த்துப் படிக்கும் தொடக்கநிலை மாணவர் பலரும் தவறும் இடம் இது. ஆனால் "தோரொகொ" (விலை மிகுதியாக) போன்ற வினையடைகளில் உள்ள அதே எழுத்து ககரமாகவே ஒலிக்கும். ஏனெனில் அங்கு அது வேற்றுமை ஈறு அன்று.

நடுப்பால், எழுவாயிலும் செயப்படுபொருளிலும் மட்டும் "-ஒயெ" என்னும் ஈறு பெறும். ஏனைய நான்கு வேற்றுமைகளிலும் ஆண்பாலோடு ஒத்திருக்கும்.

பெண்பால் இவற்றினும் எளிது. "விஸோகாயா கொரா" (உயர்ந்த மலை) என்பது செயப்படுபொருளில் "விஸோகுயு கோரு" ஆகும். உடைமை, கொடை, கருவி, முன்னிடை ஆகிய நான்கு வேற்றுமைகளிலும் அடை "விஸோகொய்" என்றே நிற்கும். வேறுபாட்டைப் பெயரே காட்டும். கருவி வேற்றுமையில் "-ஒயு" என்னும் நீண்ட ஈறும் உண்டு. அது பெரும்பாலும் செய்யுளிலும் பழைய உரைநடையிலும் காணப்படுவது.

பன்மையில் எழுவாய் "ஸ்தாரியெ", உடைமையும் முன்னிடையும் "ஸ்தாரிஹ்", கொடை "ஸ்தாரிம்", கருவி "ஸ்தாரிமி" என்றாகும். "ஸ்தாரிம்" என்பது ஆண்பால் ஒருமையின் கருவி வேற்றுமைக்கும் உரிய வடிவம் என்பதைக் கவனிக்க வேண்டும். "ஸ்தாரிம் ஹ்ராமொம்" எனின் ஒருமை. "ஸ்தாரிம் ஹ்ராமாம்" எனின் பன்மை.

ஆறு வேற்றுமைகளையும் நான்கு வகைகளையும் (மூன்று பால், ஒரு பன்மை) பெருக்கினால் 24 இடங்கள் வரும். நீண்ட கருவி வடிவத்தை நீக்கிப் பார்த்தால், "நோவிய்" போன்ற ஒரு சொல்லுக்கு இந்த 24 இடங்களையும் நிரப்பும் வெவ்வேறு வடிவங்கள் 12 மட்டுமே. ஈற்றில் அழுத்தம் பெறும் "பொல்ஷோய்" (பெரிய), "மொலொதோய்" (இளைய) போன்றவற்றுக்கு 11 போதும். இவற்றில் ஆண்பால் எழுவாயின் ஈறு "-இய்" என்றில்லாமல் "-ஓய்" என அமைவதால், அது பெண்பாலின் நான்கு வேற்றுமை வடிவத்தோடு ஒன்றிவிடுகிறது.

உயிருள்ளவையும் உயிரற்றவையும்

மேற்கண்ட வரிசையில் செயப்படுபொருள் வேற்றுமை எழுவாயைப் போலவே இருந்தது. கோயில் உயிரற்ற பொருள் என்பதே அதற்குக் காரணம். உயிருள்ளவற்றைக் குறிக்கும் ஆண்பால் பெயராயின், செயப்படுபொருள் வடிவம் உடைமை வேற்றுமையின் வடிவத்தைப் பெறும். "வீஜு ஸ்தாரிய் ஹ்ராம்" என்றால் "பழைய கோயிலைக் காண்கிறேன்" என்பது பொருள். "வீஜு ஸ்தாரொவொ த்ரூகா" என்றால் "பழைய நண்பனைக் காண்கிறேன்" என்பது பொருள்.

தமிழ் பேசுவோருக்கு இது புரியாத புதிர் அன்று. "கோயில் பார்த்தேன்", "மரம் வெட்டினான்" என அஃறிணையில் ஐ உருபு மறைந்து வரலாம். "நண்பன் பார்த்தேன்" என்று கூற இயலாது, "நண்பனைப் பார்த்தேன்" என்றே கூற வேண்டும். இரு மொழிகளும் ஒரே தேவையை ஒரே வழியில் நிறைவேற்றுகின்றன. செய்பவராகவும் இருக்கக்கூடிய ஒருவர் செயப்படுபொருளாக வரும்போது, அதனை வெளிப்படையாகக் காட்டவேண்டிய தேவை அது. எல்லைக்கோடு மட்டும் வேறு இடத்தில் விழுகிறது. தமிழின் உயர்திணையில் விலங்குகள் அடங்கா. உருசிய மொழியில் விலங்குகளும் பறவைகளும் உயிருள்ளவையே. பொம்மையைக் குறிக்கும் "கூக்லா" என்னும் சொல்லும் உயிருள்ளதாகவே கொள்ளப்படுகிறது. இறந்தவரைக் குறிக்கும் "மெர்த்வேத்ஸ்" இலக்கணத்தில் உயிருள்ளது. பிணத்தைக் குறிக்கும் "த்ரூப்" உயிரற்றது.

பன்மையில் இவ்விதி எல்லாப் பால்களுக்கும் பொருந்தும். பெண்பால் ஒருமையில் இவ்வேறுபாடு இல்லை; உயிர் இருப்பினும் இல்லாவிடினும் ஈறு "-உயு" தான்.

மென்மைத் திரிபும் எழுத்து விதிகளும்

"சீனிய்" (நீல), "போஸ்லெத்னிய்" (கடைசி), "த்ரேவ்னிய்" (தொன்மையான) போன்ற ஒரு சிறு தொகுதிச் சொற்களில் அடிச்சொல்லின் இறுதி மெய் மென்மையானது. இவற்றின் ஈறுகள் வேறல்ல. வல்லின ஈறுகளின் உயிர் மட்டும் மென்மை உயிராக மாறும். காலம், இடம் ஆகியவற்றைக் குறிக்கும் அடைகள் பல இவ்வகையின. நீஜ்னிய் நோவ்கொரொத் என்னும் நகரின் பெயரில் உள்ள "நீஜ்னிய்" (கீழ்) இதற்கு எடுத்துக்காட்டு. "அந்நகரில்" எனக் கூற "வ் நீஜ்னெம் நோவ்கொரொதெ" என்பர்.

கற்போர் பலர் "கலப்புத் திரிபு" என்று மூன்றாவது ஒன்றைத் தனியே மனப்பாடம் செய்கின்றனர். அது தேவையற்றது. அங்கு நிகழ்வது இரண்டு எழுத்து விதிகள் மட்டுமே. முதலாவது, க, ககரத்தின் ஒலிப்புடை வடிவம், ஹ ஆகிய மூன்று மெய்களையும், ஷகரம் போன்ற நான்கு உரசொலிகளையும் அடுத்து வல்லின இகரம் எழுதப்படுவதில்லை. இரண்டாவது, அந்த உரசொலிகளை அடுத்து அழுத்தம் பெறாத ஒகரம் வந்தால் எகரமாகும். இதனாலேயே "நல்ல" என்பது நடுப்பாலில் "ஹொரோஷெயெ" என்றும், "பெரிய" என்பது அழுத்தம் ஈற்றில் விழுவதால் "பொல்ஷோயெ" என்றும் வருகின்றன. இவ்விரண்டு விதிகளையும் அறிந்தவருக்குத் தனி அட்டவணை வேண்டுவதில்லை.

ஈறுகளின் தோற்றம்

இந்த ஈறுகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்தால் அவற்றை நினைவிற் கொள்வது எளிதாகும். பழைய சிலாவிய மொழியில் பெயரடை, பெயர்ச்சொல்லைப் போலவே குறுகிய ஈறு பெற்றுத் திரிந்தது. பின்னர் "குறிப்பிட்ட அந்த" என்னும் பொருளைத் தர, அதன் பின்னே ஒரு சுட்டுப்பெயர் ஒட்டியது. இரண்டும் சேர்ந்தே இன்றைய நீண்ட வடிவம் உருவானது. இன்றும் படர்க்கைப் பெயர்களான யெவோ (அவனுடைய), யெமு (அவனுக்கு), இஹ் (அவர்களுடைய), இமி (அவர்களால்) ஆகியவற்றை "நோவொவொ, நோவொமு, நோவிஹ், நோவிமி" ஆகியவற்றின் அருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமை வெளிப்படும். படர்க்கைப் பெயரின் வடிவங்களை ஏற்கனவே அறிந்த மாணவர் பெயரடையின் ஈறுகளில் பெரும்பகுதியை அறிந்தவராகிறார்.

தமிழில் "புதிய" என்பதோடு "அவன்" சேர்ந்து "புதியவன்" ஆகி, புதியவனை, புதியவனுக்கு, புதியவனின் என உருபேற்பதை இதனோடு ஒப்பிடலாம். வேறுபாடு என்னவெனில், தமிழில் "புதியவன்" தனித்து நிற்கும் பெயர். "புதியவனுக்கு நண்பனுக்கு" என அது மற்றொரு பெயருக்கு அடையாக வருவதில்லை. உருசிய மொழியில் அவ்வாறு வருகிறது.

ஒட்டு இல்லாத பழைய குறுகிய வடிவம் அடியோடு மறைந்துவிடவில்லை. பயனிலையாக மட்டும் அது வழங்குகிறது. "ஹ்ராம் ஸ்தார்" (கோயில் பழையது), "கொரா ஸ்தாரா" (மலை பழையது) என்பவற்றில் அது பாலும் எண்ணும் காட்டும், வேற்றுமை ஏற்காது. கரியன், கரியள், கரியது, கரியர், கரியன என்னும் தமிழ்க் குறிப்பு வினைமுற்றுகள் இதற்கு மிக நெருங்கியவை.

1918 ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் பெயரடை ஈறுகளையும் தொட்டது. அதற்கு முன் ஆண்பால் உடைமை ஈற்றின் எழுத்துக்கூட்டல், அழுத்தம் பெறாத இடங்களில் "-அகொ" என்றிருந்தது. பன்மையிலும் பெண்பால், நடுப்பால் பெயர்களுக்குத் தனி எழுத்துக்கூட்டல் இருந்தது. பேச்சில் இல்லாத இவ்வேறுபாடுகள் அப்போது நீக்கப்பட்டன. சிலாவிய மொழிகளுள் பல்கேரிய மொழியும் மாசிடோனிய மொழியும் பெயரடையின் வேற்றுமைத் திரிபை இழந்துவிட்டன. அவற்றில் பாலும் எண்ணுமே எஞ்சியுள்ளன.

பெயரடை மட்டுமே வேற்றுமை காட்டும் இடங்கள்

பெயரே வேற்றுமையைக் காட்டும்போது அடையும் காட்டுவது வீண் சுமை எனத் தோன்றலாம். எனினும் பெயர் காட்டாத இடங்கள் உள்ளன. "போல்" (வலி) என்னும் சொல் எழுவாயிலும் செயப்படுபொருளிலும் ஒரே வடிவம் உடையது. "ஓஸ்த்ராயா போல்" (கடும் வலி) என்பது எழுவாய். "நா ஓஸ்த்ருயு போல்" (கடும் வலி இருப்பதாக முறையிடுகிறார் என்பதில் வரும் வடிவம்) என்பது செயப்படுபொருள். இங்கு வேற்றுமையை அடை மட்டுமே உணர்த்துகிறது.

தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் பயில உருசியா செல்லும் மாணவர்களுக்கு இது ஏட்டளவான செய்தி அன்று. பாடங்களை ஆங்கிலத்தில் பயின்றாலும், மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளிகளிடம் உருசிய மொழியிலேயே பேச வேண்டியுள்ளது. அங்கு முதலில் எதிர்ப்படும் "பொல்நோய்" (நோயாளி) என்னும் சொல்லே பெயராக வழங்கும் ஒரு பெயரடை. கீழ்க்காணும் இரு தொடர்களில் சொற்களின் வரிசை மாறவில்லை. ஈறுகள் மட்டுமே மாறியுள்ளன.

பொல்நோய் ஜ்த்யோத் நோவொவொ வ்ரச்சா: நோயாளி புதிய மருத்துவருக்காகக் காத்திருக்கிறார்.
பொல்நோவொ ஜ்த்யோத் நோவிய் வ்ராச்: நோயாளிக்காகப் புதிய மருத்துவர் காத்திருக்கிறார்.

திரிபே ஏற்காத பிறமொழிச் சொற்களிலும் அடையே துணை. காப்பியைக் குறிக்கும் "கோஃபெ" எந்த வேற்றுமையிலும் மாறாது. "சோர்னிய் கோஃபெ" (கடுங்காப்பி) என்பது "ஒரு கோப்பை கடுங்காப்பி" எனும்போது "சோர்னொவொ கோஃபெ" ஆகும். எகரத்தில் முடியும் இச்சொல்லை ஆண்பாலாகக் கொள்வதே செந்நெறி வழக்கு. பேச்சு வழக்கில் நடுப்பாலாகக் கொண்டு "சோர்னொயெ" என்பதும் ஏற்கத்தக்கதே எனக் கூறிய அகராதியை 2009 ஆம் ஆண்டில் உருசியக் கல்வி அமைச்சு அங்கீகரித்தபோது, அந்நாட்டு இதழ்களில் பெரும் விவாதம் எழுந்தது.

இந்தியப் பெயர்களும் இவ்விதிகளுக்கு உட்பட்டவை. "அருணாசலா" ஆகாரத்தில் முடிவதால் உருசிய மொழியில் பெண்பாலாகி, "விஸோகாயா அருணாசலா" எனப் பெண்பால் அடை பெறும். வடமொழியில் மலையைக் குறிக்கும் "அசல" ஆண்பால் ஆகும். "ஷிவா" (சிவன்) என்பதும் ஆகாரத்தில் முடிவதே. எனவே பெயர் பெண்பால் ஈறுகளோடு திரியும். ஆனால் ஆண் தெய்வத்தைக் குறிப்பதால் அடை ஆண்பாலாகவே வரும். "வெலிகொவொ ஷிவு" (பெருமை மிக்க சிவனை) என்பதில் அடை ஆண்பால், பெயரின் ஈறு பெண்பால். "திருவண்ணாமலைய்" மெய்யில் முடிவதால் ஆண்பால். "தொன்மையான திருவண்ணாமலையில்" என்பது "வ் த்ரேவ்னெம் திருவண்ணாமலாயெ" என்றாகும். சென்னை என்பது உயிரில் முடிந்து திரியாத பெயர் ஆதலால், அதற்கு முன் வரும் அடை மட்டுமே உருபேற்கும். இரமணாசிரமத்துக்கும் மலைவலத்துக்கும் வரும் வெளிநாட்டவருள் உருசிய மொழி பேசுவோரும் இருப்பதால், இவ்வடிவங்களை அவ்வூரிலேயே கேட்க முடியும்.

எண்களோடு

உருசிய மொழியின் மிகச் சிக்கலான பகுதிகளுள் இதுவும் ஒன்று. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எண்களுக்குப் பின் பெயர் உடைமை வேற்றுமை ஒருமையில் வரும். அடையோ பன்மையில் வரும். அதிலும் ஆண்பால், நடுப்பாலாயின் உடைமைப் பன்மை. பெண்பாலாயின் பெரும்பாலும் எழுவாய்ப் பன்மை. "த்வா ஸ்தாரிஹ் ஹ்ராமா" (இரண்டு பழைய கோயில்கள்) என்பதில் அடை பன்மை, பெயர் ஒருமை வடிவம். அண்ணாமலையார் கோயிலின் நான்கு திசைக் கோபுரங்களைக் குறிக்க "செத்திரெ விஸோகியெ பாஷ்னி" என்பர். கோபுரங்கள் ஒன்பதையும் சேர்த்துச் சொன்னால், ஐந்தும் அதற்கு மேற்பட்ட எண்களும் அடை, பெயர் இரண்டையும் உடைமைப் பன்மையாக்கும் என்பதால் "தேவ்யத் விஸோகிஹ் பாஷென்" ஆகும். இக்குழப்பத்துக்குக் காரணம், பழைய உருசிய மொழியில் வடமொழியைப் போல இருமை எண் இருந்ததே. இருமை மறைந்தபோது அதன் பெயர் வடிவம் உடைமை ஒருமை எனத் தவறாக உணரப்பட்டு, பின்னர் மூன்றுக்கும் நான்குக்கும் பரவியது.

குடும்பப் பெயர்கள்

தமிழ் வாசகர்கள் நன்கறிந்த உருசியப் பெயர்கள் பல பெயரடைகளே. தல்ஸ்தோய் (டால்ஸ்டாய்), தஸ்தயேவ்ஸ்கி ஆகியவை முழுமையாகப் பெயரடை போலத் திரியும். "டால்ஸ்டாயின் நாவல்" என்பது "ரொமான் தல்ஸ்தோவொ" ஆகும். அவர் குடும்பத்துப் பெண் "தல்ஸ்தாயா" எனப்படுவார். புஷ்கின், கரேனின் போன்றவை பழைய உடைமைப் பெயரடைகள். இவை சில வேற்றுமைகளில் பெயர் போலவும், சிலவற்றில் பெயரடை போலவும் திரியும். அன்னா கரேனினா என்னும் பெயரில் கணவரின் "கரேனின்" பெண்பால் ஈறு பெற்றுள்ளது. மாஸ்கோவின் புகழ்பெற்ற பல்ஷோய் அரங்கின் பெயருக்குப் "பெரிய அரங்கு" என்பதே பொருள். "அவ்வரங்கில்" என்பது "வ் பொல்ஷோம் தெயாத்ரெ".

இலக்கண ஆய்வும் தமிழ்த் தொடர்பும்

உருசிய மொழிக்கு விரிவான இலக்கணத்தை உருசிய மொழியிலேயே எழுதி அச்சேற்றியவர் மிகயீல் லமனோசவ். அந்நூல் 1755 இல் எழுதப்பட்டு 1757 இல் வெளியானது. சொற்கள் ஒவ்வொன்றின் திரிபையும் அழுத்தத்தையும் குறியீடுகளால் வகைப்படுத்திய அந்திரேய் சலிஸ்னியாக்கின் இலக்கண அகராதி 1977 இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் சொற்களைக் கொண்ட இந்நூலின் வகைப்பாடே உருசிய மொழிக்கான சொற்பகுப்பு நிரல்கள் பலவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது. தமிழிலிருந்து உருசிய மொழிக்கு மொழிபெயர்க்கும் எந்த நிரலும், "புதிய" என்னும் ஒரே சொல்லுக்கு 12 வடிவங்களுள் எது உரியது என்பதைப் பின்வரும் பெயரைக் கண்ட பின்னரே முடிவு செய்ய இயலும்.

பியாதிகோர்ஸ்கி, ரூதின் ஆகியோர் தொகுத்த தமிழ்-உருசிய அகராதி 1960 இல் மாஸ்கோவில் வெளியானது. உருசியத் தமிழறிஞர் மிகயீல் அந்திரோனவ் எழுதிய தற்காலத் தமிழ், செந்தமிழ் இலக்கணம் 1969 இல் சென்னையில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தால் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்துக்காக ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் முதலியோர் உருசிய இலக்கியங்களைத் தமிழாக்கினர். அம்மொழிபெயர்ப்புகளில் பெயரடைகள் யாவும் தம் ஈறுகளை இழந்து, தமிழின் மாறா வடிவில் நிற்பதைக் காணலாம். சென்னை ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள உருசியப் பண்பாட்டு மையத்தில் உருசிய மொழி வகுப்புகள் நடத்தப்படுகின்றன.